தவக்காலத்தில் எடுத்த வயிற்றுக் கணக்கு

காய்ச்சலை அளக்கக் கருவி இருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் இருக்கிறது. வயிறு சரியில்லை என்று வருகிறவரிடம் மட்டும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். குமுளியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்குள் திரும்பும் சாலையில் இருக்கும் சிறிய கிளினிக் ஒன்றில், அப்படிக் கேட்பதற்காக என்னை வேலைக்கு வைத்திருக்கிறார்கள்.

நான் பாலக்காட்டுப் பக்கத்துக் கொல்லங்கோட்டுக்காரி. கோயம்புத்தூரில் நுண்ணுயிரியல் படித்தேன். பிறகு மருத்துவ ஆய்வுகளுக்குத் தகவல் திரட்டும் படிப்பு ஒன்றையும் முடித்தேன். வயிற்றுக் கோளாறுக்கான ஒரு மாத்திரை தோட்டத் தொழிலாளர்களிடம் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் ஆய்வு. நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுவது, குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கையிலிருக்கும் தொடுதிரை டேப்பில் பதிய வேண்டும். இல்லை என்றால் பூஜ்ஜியம். இருக்கிறது, ஆனால் வேலைக்குத் தடையில்லை என்றால் ஒன்று. வேலை அவ்வப்போது தடைப்பட்டால் இரண்டு. வேலையே செய்ய முடியவில்லை என்றால் மூன்று. போன ஒரு வாரத்தை மட்டும் வைத்துச் சொல்ல வேண்டும். கடைசியில் டேப் கூட்டிப் பார்த்து ஒரு நிறம் காட்டும். பச்சை வந்தால் மாத்திரையை நிறுத்தலாம். மஞ்சள் என்றால் தொடர வேண்டும். சிவப்பு என்றால் எண்டோஸ்கோப்பி. அந்தக் கருவி எங்களிடம் கிடையாது. கோட்டயத்தில் ஒரு மருத்துவமனை மாதத்துக்குச் சில இடங்களை எங்கள் நோயாளிகளுக்கு ஒதுக்கித் தருகிறது. அந்த இடங்கள் நிறத்தைப் பார்த்துத்தான் போகும்.

கேள்விகளைத் தமிழில் எழுதியபோது, சாதாரண ஆளுக்குப் புரிகிறதா என்று பார்க்க முதலில் என் அம்மாவிடம் கேட்டேன். அம்மா ஊரில் எங்கள் தோட்டத்துக் களத்தில் தேங்காய் மட்டையை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"போன வாரம் உங்களுக்கு ஏப்பம் தொந்தரவு இருந்துச்சுங்களாம்மா?"

"எனக்கென்ன கேடு? உங்கொப்பனக் கேளு. ஒரு உருண்டை சோத்துக்கு நாலு ஏப்பம் உடறாரு."

"உங்களுக்குங்கம்மா."

"அவரு உடற ஏப்பத்துல எனக்குத்தான தொந்தரவு, கண்ணு? மூணு போட்டுக்க."

கேள்வி எளிதாக இருப்பதும் பதில் சரியாக வருவதும் வேறு வேறு என்று அன்றே தெரிந்தது. ஏலத்தோட்டத்துக்கு வந்த பிறகு இன்னொன்றும் தெரிந்தது. இங்கே 'வேலைக்குத் தடை' என்பதை வைத்து எதையும் அளக்க முடியாது. வேலை யாருக்கும் தடைப்படுவதில்லை. காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, வந்து நின்றுவிட்டால் அவருக்கு நோய் இல்லை. ஏலச்செடியின் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி காய் எடுக்க உட்கார்ந்தவர் என்னிடம் 'ஒண்ணு' என்று சொல்லியிருக்கிறார். அதனால் டாக்டரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, ஓர் உதாரணத்தையும் சேர்த்துக் கேட்க ஆரம்பித்தேன். பக்கத்து நிரையில் காய் எடுக்கிறவர் உங்களை முந்திக்கொண்டு போனாரா? இதற்கு எல்லோரும் உண்மையைச் சொன்னார்கள். முந்தப்படுவதை இங்கே யாரும் மறப்பதில்லை.

அந்த அக்கா முதலில் வந்தது தை மாதத்தில். ஐம்பதை எட்டும் வயது. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்து லயத்திலேயே வாழ்க்கைப்பட்டவர். பெற்றோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்த கத்தோலிக்கக் குடும்பம். கணவர் காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை செய்கிறார். ஒரே மகளைக் கம்பத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இவ்வளவையும் நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

"ஏனுங்க அக்கா, போன வாரம் நெஞ்செரிச்சல் இருந்துச்சுங்களா?"

அவர் என்னை விட்டுவிட்டு, பெஞ்சில் பக்கத்திலிருந்த பெண்ணைப் பார்த்தார். "இந்தப் புள்ள என்னைய ஏனுங்கன்னு கூப்பிடுது கேட்டியா? எங்க வீட்டு மனுசன் இத்தனை வருசத்துல இப்படி ஒரு தடவை கூப்பிட்டிருப்பாரா?"

"அவரு கூப்பிட்டா மட்டும் நீ திரும்பிப் பாத்துருவியாக்கும்" என்றாள் அந்தப் பெண்.

வரிசை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு மறுபடி கேட்டேன்.

"எரியுது தாயி. எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போகட்டும். நாலு வாய்ச் சோறு உள்ள போனதும், இந்தா, இங்கன வந்து நின்னுக்கிடுது." நெஞ்சுக்குழிக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார். "கல்யாண வீட்டுப் பந்தியில பாதிச் சாப்பாட்டுல எழுப்பி விட்டுட்டா எப்படி இருக்கும்? அந்த மாதிரி. ராத்திரி தின்னது விடிஞ்ச பிறகு ஏப்பத்துல வருது."

"பக்கத்து நிரைக்காரங்க முந்தினாங்களா அக்கா?"

"என்னையவா?" என்று ஆரம்பித்தவர் பேச்சை நிறுத்தினார். "போன வாரம் முந்திட்டாளுக" என்றார் பிறகு.

மஞ்சள் வந்தது. சிவப்புக்கு மிக அருகிலிருந்த மஞ்சள். டாக்டர் மாத்திரை கொடுத்து, அடுத்த முறையும் இப்படியே இருந்தால் எண்டோஸ்கோப்பிக்கு அனுப்பலாம் என்றார். எடை பார்த்து எழுதிக்கொண்டேன்.

அடுத்த முறை அவர் வந்தபோது தவக்காலம் தொடங்கிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் விரதம் என்றால் சஷ்டி, கார்த்திகை, மிஞ்சிப்போனால் ஒரு நாள். வாசலிலேயே அவர் சிரித்த முகமாக இருந்தார்.

எரிச்சல்? இல்லை. ஏப்பம்? இல்லை. கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துவிடுகிறதா? இல்லை. உப்புசம்? இல்லை. என் விரல் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது.

"வாந்திங்க அக்கா?"

"வாந்தி எடுக்க உள்ள என்ன கிடக்கு?"

விரலை எடுத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தேன். கல்யாண மோதிரத்தின் அடியில் நூல் சுற்றியிருந்தது. ரவிக்கையின் தோளில் ஊக்கு குத்தி மடித்திருந்தார்.

"என்ன சாப்பிடறீங்க அக்கா?"

"ஒருசந்தி இருக்கேன்ல."

ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு இருக்கும் உபவாசம் என்று அவரே விளக்கினார். கோயிலில் எல்லோரும் வெள்ளிக்கிழமைகளில்தான் இருப்பார்கள். இவர் தவக்காலம் முழுவதும், எல்லா நாளும் இருப்பதாக நேர்ந்துகொண்டிருக்கிறார்.

"அந்த ஒரு வேளைக்கு என்ன சாப்பிடறீங்க?"

"ராத்திரி ஒரு தம்ளர் கஞ்சித் தண்ணி."

"சோறு?"

"சோறு எதுக்கு? அது இறங்காது." சோறு இறங்காது என்பதை, மழை வந்தால் கரண்டு இருக்காது என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

டேப்பில் பச்சை எரிந்தது. சாப்பிட்டால்தான் வரும் தொந்தரவு, சாப்பிடாததால் வரவில்லை. நான் கேட்டதற்கு அவர் பொய் எதுவும் சொல்லவில்லை. அளவிலும் தவறில்லை. எண் சரி, பொருள்தான் தலைகீழாக இருந்தது.

"ஒருசந்தி இல்லாம, மத்தியானம் சோறு சாப்பிட்டிருந்தீங்கன்னா எப்படிங்க இருந்திருக்கும்?"

"சாப்பிடலையே."

"சாப்பிட்டிருந்தா?"

"சாப்பிடலையே புள்ள. சாப்பிடாததுக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

அவர் சொன்னதுதான் நான் படித்ததும். நடக்காததைக் கற்பனை செய்து பதில் சொல்லும்படி நோயாளியிடம் கேட்கக் கூடாது.

இரண்டு மூன்று நாள் மட்டும் மத்தியானம் சாப்பிட்டுப் பாருங்கள், எப்படி இருக்கிறது என்று வந்து சொல்லுங்கள் என்றேன். அவர் சிரிப்பை நிறுத்தினார். மகளுக்கு இதற்கு முன் இரண்டு முறை கரு தங்கவில்லையாம். இப்போது ஆறாவது மாதம். எழுந்து நடக்கக் கூடாது என்று கம்பத்து டாக்டர் சொல்லியிருக்கிறார்.

"அவ அங்கன படுத்துக் கிடக்கா. அவளைப் பாத்துக்கிட அவ மாமியா இருக்கு. அவளுக்குன்னு நான் செய்யுறது இது ஒண்ணுதான். இதையும் விட்டுட்டு உனக்காக ரெண்டு நாள் சோறு திங்கணுமாக்கும்?" பிறகு, நான் வருத்தப்படுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, டேப்பை எட்டிப் பார்த்தார். "இது என்ன நிறம் வந்துருக்கு? பச்சையா? பச்சைன்னா நல்லதுதான?"

"பச்சைன்னா தொந்தரவு குறைஞ்சிருக்குன்னு அர்த்தமுங்க. ஆனா..."

"மாதா கேட்டுட்டா" என்று சொல்லி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். என்னுடைய 'ஆனா' அங்கேயே நின்றது.

டாக்டரிடம் போனேன். போவதற்கு முன் சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டேன். எடை குறைந்திருக்கிறது. தை மாதத்தில் பழைய சாப்பாடு ஏப்பத்தில் வந்தது. திட உணவை அவரே நிறுத்திவிட்டார். பச்சை என்பது குணம் அல்ல. வரிசையாக யோசித்துக்கொண்டால் எனக்குப் பதற்றம் வராது.

எங்கள் டாக்டர் தொடுபுழைப் பக்கத்துக்காரர், அறுபது வயதுக்காரர். எங்களிடம் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். அவரும் கிறிஸ்தவர். அவர்கள் சபையில் தவக்காலத்துக்கு ஐம்பது நோன்பு என்று பெயர், மீனும் இறைச்சியும் முட்டையும் தொடமாட்டார்கள். அந்த மாதங்களில் கிளினிக்கில் அவர் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தால் பயறும் கஞ்சியும்தான் இருக்கும்.

நான் சொன்னதையெல்லாம் கேட்டார். அந்த அக்காவை உள்ளே கூப்பிட்டுப் படுக்க வைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். காலியான வயிறு மெத்தென்று இருந்தது, கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை. இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அக்கா வெளியே போன பிறகு என்னிடம் சொன்னார்:

"நோன்பு இருந்தா யாருக்கும் வெயிட் குறையும் மோளே. எனக்கே குறையும். வருஷம் முழுக்க எனக்கு கேஸ் டிரபிள் உண்டு. நோன்பு தொடங்கி ரெண்டாவது வாரம் அது போயிடும். வயித்துக்கு அது நல்லதாணு."

"சார், இவங்க ஒண்ணுமே சாப்பிடறதில்லைங்க. கஞ்சித் தண்ணி மட்டும்தான்."

"அதான் நானும் பறயுன்னது. சாப்பிடாத வயித்தை எப்படி அளக்க? ஈஸ்டர் கழியட்டே. சாப்பிடத் தொடங்கட்டும். அப்போ நோக்காம், பார்க்கலாம்."

சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. அவர் அலட்சியமான மனிதர் இல்லை. இடம் ஏதாவது காலியானால் சொல்லு, பச்சையாக இருந்தாலும் அவரை அனுப்பலாம் என்றும் சொன்னார். இரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்து குறைவு என்று வந்தது. அந்தத் தோட்டத்தில் அப்படி வராத பெண்ணை நான் பார்த்ததில்லை.

காலியான இடம் எதிர்பாராத ஒருவரிடமிருந்து வந்தது. அந்தப் பங்கின், அதாவது அந்தப் பகுதித் தேவாலயத்தின், சாமியாரும் எங்கள் ஆய்வில் இருந்தார். நல்ல மனிதர், காரப் பிரியர். எந்தக் கேள்விக்கும் அரைகுறையாகப் பதில் சொல்லமாட்டார். எரிச்சல் எப்போது தொடங்கி எங்கே போய் எப்படித் திரும்புகிறது என்று பிரசங்கம் போல விவரிப்பார். அவருக்குச் சிவப்பு வந்து, கோட்டயத்தில் இடமும் கிடைத்திருந்தது. நான் அந்த அக்காவைப் பற்றிச் சொன்னேன். முறையல்லதான். ஆனாலும் சொன்னேன்.

"நோயாளிக்கு ஒருசந்திக் கடமையே கிடையாதும்மா" என்றார் உடனே. "சபைச் சட்டத்துலயே இருக்கு. வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை ஜெபம் முடிஞ்சு நானே சொல்றேன். நீயும் வா. என் இடத்தையும் அவங்களுக்கே கொடுத்துடு. எனக்கு எரிச்சல்தான, அடுத்த மாசம் வரைக்கும் எரிஞ்சா ஆகாதா?"

டாக்டரும் ஒப்புக்கொண்டார். அந்த வெள்ளிக்கிழமை மாலை தோட்டத்துச் சிற்றாலயத்தின் முன்னால் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் காத்திருந்தபோது, எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்திருந்தேன். வேண்டியது ஒரு 'சரி' மட்டும்தான்.

அக்கா முக்காட்டை இறக்கிக்கொண்டு வெளியே வந்தார். வேலை முடிந்து நேராக வந்திருந்தார். கையில் ஏலக்காய்க் கறை காய்ந்திருந்தது. சாமியார் விஷயத்தைச் சொன்னார்.

"சபைச் சட்டத்துக்காக நான் இருக்கலையே சாமி. நானா நேந்துக்கிட்டது."

"நேர்ச்சையை மாத்தவும் எனக்கு அதிகாரம் இருக்கு. அதுக்குப் பதிலா தினமும் ஜெபமாலை சொல்லு. உடம்பைக் கெடுத்துக்கிட்டு நேர்ச்சை வேண்டாம்."

"நீங்க மாத்திருவீக. நாளைக்கு அவ வயித்துல இருக்கிறதுக்கு ஒண்ணுன்னா, நான் யாருகிட்ட வந்து கேக்க? உங்ககிட்டயா?"

சாமியார் அடுத்ததைச் சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டேன். ஒருசந்தியை விட வேண்டாம், இருந்துகொண்டே கோட்டயம் போய் ஒரு குழாயை விட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடலாம், வெறும் வயிற்றில்தான் அதைச் செய்யவும் வேண்டும் என்றேன்.

"எனக்கு எதுக்கு?" அவர் உண்மையாகவே கேட்டார். "எனக்குத்தான் பச்சை வந்துருச்சே. உன் கையாலதான போட்ட?"

"அது சாப்பிடாததால வந்த பச்சைங்க அக்கா."

"அப்ப நல்லதுதான? சாப்பிடாமலே வயிறு நல்லாயிருச்சு." பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். "ஏ புள்ள, போன மாசம் ஒன்பதாம் நம்பர் லயத்துக்காரிக்குச் செவப்புன்னு சொல்லி அனுப்பினீக. அங்க போயி ஒண்ணுமில்லன்னு வந்தா. அன்னைக்குக் கூலி போச்சு, பஸ்ஸுக்குப் போச்சு, தொண்டைப் புண்ணு மிச்சம். இப்ப பச்சைக்கும் போகச் சொல்லுற. அப்ப அந்தச் சாமான்ல நெறம் எதுக்கு இருக்கு?"

சாமியார் என்னைப் பார்த்தார். சிவப்புக்கு அப்படி ஒரு பொருள், பச்சைக்கு இப்படி ஒரு பொருள் என்று அந்தப் பெண்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். பச்சை வந்தால் கவலைப்பட வேண்டாம் என்று அதே வரிசையில் எத்தனையோ பேரிடம் சொல்லி, அவர்களும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். பெரும்பாலும் அது உண்மையும்கூட. உங்களுக்கு மட்டும் அது பொருந்தாது என்று நான் சொன்னதை அவர் ஒரு பயமுறுத்தலாகவே எடுத்துக்கொண்டார். பிள்ளைத்தாய்ச்சி மகளை வைத்துக்கொண்டு அப்படிப்பட்ட பேச்சைக் காதில் வாங்கக்கூட அவருக்கு விருப்பமில்லை. ஈஸ்டர் கழித்து வருகிறேன் என்று என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு லயத்துப் பாதையில் ஏறிப் போனார். மேட்டில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்.

அந்த மாத இடத்துக்குச் சாமியாரே போய்வந்தார். குழாய் விட்டுப் பார்த்து, காரத்தைக் குறைக்கச் சொன்னார்களாம்.

குருத்து ஞாயிறு போனது, பெரிய வெள்ளி போனது. நான் அக்காவின் பக்கத்து நிரைக்காரப் பெண்ணிடம் விசாரித்துக்கொண்டே இருந்தேன். வேலைக்கு வருகிறார், ஆனால் முன்போல இல்லை, எல்லோரும் முந்திவிடுகிறோம், பாவமாக இருக்கிறதென்று நாங்களே அவர் நிரையில் கொஞ்சம் எடுத்துப் போடுகிறோம் என்றாள். அதைப் பதிய டேப்பில் இடமிருந்தது. ஆனால் நோயாளி தன் வாயால் சொல்ல வேண்டும். அவரோ கிளினிக் பக்கமே வரவில்லை.

ஈஸ்டருக்கு மறுநாள் காலை தோட்டத்து ஜீப்பில் கொண்டுவந்தார்கள். கணவர் ஒரு பக்கம் தாங்கிக்கொண்டிருந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். அன்று எல்லாவற்றையும் அவர்தான் பேச வேண்டியிருந்தது.

"பண்டிகைன்னு கோழி எடுத்துக் குழம்பு வச்சோம். நாப்பது நாள் கழிச்சு சோறு திங்கிறான்னு நானே பரிமாறினேன். நல்லாத்தான் சாப்பிட்டா. சாயங்காலம் வாந்தி. ராத்திரி பூரா வாந்தி. காலையில எடுத்ததுலயும் நேத்து மத்தியானச் சோறு முழுசு முழுசா கிடக்கு டாக்டர்."

டாக்டர் அவரைப் படுக்க வைத்து, ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் வைத்து, இடுப்பை இரண்டு கையாலும் பிடித்து லேசாகக் குலுக்கினார். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. பாதி நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்து நடக்கும்போது வரும் சத்தம். இரைப்பையிலிருந்து கீழே வழியில்லை என்று அதற்குப் பொருள். டாக்டர் மறுபடி ஒருமுறை குலுக்கிப் பார்த்தார். பிறகு ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு போன் பேசப் போனார்.

நான் என் வேலையைச் செய்ய வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டேன், அவர் தலையை மட்டும் அசைத்தார். டேப் சிவப்பைக் காட்டியது. அந்தச் சிவப்பை யாரும் கேட்கவில்லை.

கோட்டயம் வேண்டாம், கம்பத்தில் மகள் இருக்கிறாள், சொந்தம் இருக்கிறது, கீழேயே போகிறோம் என்று தேனிப் பக்கத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நான் தினமும் போனில் விசாரித்தேன். எண்டோஸ்கோப்பியில் இரைப்பையின் கீழ்வாய் சுருங்கியிருப்பது தெரிந்தது. சதைத் துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று கணவர் எனக்கு அந்த ஆங்கிலச் சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினார். கடைசி எழுத்துகளைக் கேட்பதற்கு முன்பே அது புற்றுநோய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "இது என்ன வியாதிம்மா?" என்று அவர் கேட்டார். அவருக்கும் தெரியும், அங்கே சொல்லியிருப்பார்கள். யாராவது வேறு மாதிரி சொல்வார்களா என்று பார்த்தார். பெரிய டாக்டர்களே சொல்வார்கள் என்றேன் நான்.

வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். எடுக்க முடிகிற நிலையில் இல்லை, ஈரல்வரை போயிருந்தது. சாப்பாடு இறங்குவதற்காக மட்டும் இரைப்பையிலிருந்து குடலுக்கு வேறு ஒரு வழி தைத்துவிட்டு மூடினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் மலையிறங்கிப் போய்ப் பார்த்தேன். வார்டுக்கு வெளியே கணவர் என்னை நிறுத்தினார்.

"புண்ணு இருந்துச்சு, தச்சாச்சுன்னு சொல்லி வச்சிருக்கோம். மகளுக்கும் அப்படித்தான். பேறுகாலம் முடியட்டும். நீயும் பாத்துப் பேசும்மா."

அறுவை செய்த குழுவில் இருந்த இளம் டாக்டர் ஒருவர் அப்போது அந்த வழியாகப் போனார். எந்தக் கிளினிக்கிலிருந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு, ஈஸ்டருக்கு முன்பே, ஒருசந்தி இருந்த நாட்களில் கொண்டுவந்திருந்தால் வித்தியாசம் இருந்திருக்குமா என்று கேட்டேன்.

"இது நாள் கணக்குல வளர்ந்தது இல்லைங்க" என்றார். நான் அடுத்ததைக் கேட்பதற்காக நின்றேன். அவரும் நின்றார். "இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். வெறும் வயித்தோட வந்தப்ப எப்படி இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அக்கா கட்டிலில் தலையணையை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். மடியில் இட்லிப் பொட்டலம் பிரித்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா புள்ள. என்ன, சாமானைக் கொண்டாரலையா? கேள்வி கேக்க வேண்டாமா?"

"இன்னிக்கு வேலையா வரலைங்க அக்கா. உங்களைப் பாக்கத்தான் வந்தேன்."

"அட, கேளேன். இப்பத்தான எனக்கும் சொல்ல நல்லாருக்கும்."

கேட்டேன். மனப்பாடமாக இருந்த கேள்விகள்தான். எரிச்சல்? இல்லை. ஏப்பம்? இல்லை. குமட்டல்? இல்லை. தையல் இழுக்கிறது, அது உன் கணக்கில் வராதே என்றார். வராது என்றேன்.

"கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைஞ்சிடுதுங்களா?"

"எங்க நிறையுது? ரெண்டு தின்னுட்டேன். இந்தா, வழுக்கிட்டு இறங்குது." நெஞ்சுக்குழியிலிருந்து கீழே ஒரு விரலை ஓட்டிக் காட்டினார். "எத்தனை மாசம் ஆச்சு தெரியுமா, இப்படி இறங்கி? எல்லாத்துக்கும் இல்லன்னு போட்டுக்க. இந்தத் தடவை நான் சோறு தின்னுட்டுச் சொல்லுறேன், நீ நம்பலாம்."

அவர் சொன்ன ஒவ்வொரு பதிலும் உண்மை. நான் தலையசைத்தேன்.

"ஏங்க, ஆளு வந்துருக்குல்ல, இன்னும் ரெண்டு இட்லி வாங்கிட்டு வாங்க. சாம்பாரைத் தனியா கட்டச் சொல்லுங்க" என்றார் கணவரிடம். ஜன்னலைப் பார்த்து நின்றவர், திரும்பாமலே தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார்.

"மக பேறுகாலத்துக்கு முன்னாடி நான் தெம்பாயிறணும் புள்ள. குளிப்பாட்டிவிட, மருந்து இடிக்க எல்லாத்துக்கும் நான்தான் நிக்கணும். அவ மாமியாவுக்கு அதெல்லாம் வராது. எப்ப எந்திரிச்சு வேலை செய்யலாம்னு இவங்க யாரும் வாயத் திறக்க மாட்டேங்கிறாக. உங்க டாக்டரை நல்லாத் தெரியும்ல உனக்கு? அவருகிட்டக் கேட்டு, ஒரு நாளைக் குறிச்சுச் சொல்லு."

"கேக்கறேனுங்க அக்கா."

"மறந்துறாத."

"இல்லைங்க."

கணவர் பொட்டலத்தோடு வந்தார். அக்கா அதைப் பிரித்து, ஒரு இட்லியை எடுத்து என் கையில் வைத்தார். தன்னுடையதைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, நான் சாப்பிடுகிறேனா என்று பார்த்தபடியே மென்றார். சூடு ஆறாத இட்லி. இரண்டாவது வாயை விழுங்குவதற்கு எனக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. அவரே தம்ளரை எட்டி எடுத்துக் கொடுத்தார்.